பத்தடி தூரத்தில் யானை: மழைக்காட்டு நடை பற்றி வாசகர் கேள்விகள்

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். நான் பத்தொன்பது வருடமாக ஆனைமலைக் காடுகளில் குரங்குகளையும் இருவாச்சிப் பறவைகளையும் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன இதழில் மழைக்காட்டில் நடப்பது பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆகஸ்டில் நண்பர்கள் நான்கு பேர் வால்பாறை வருகிறோம். காட்டுக்குள் நாங்களாகவே ஒரு நடை போய்வர நல்ல வழி சொல்லுங்கள் அக்கா. யானை எதிரில் வந்தால் இறக்கத்தில் ஓடினால் தப்பிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருப்பூர்

நீங்களாகவே போகிற வழி எதையும் நான் சொல்லமாட்டேன் தம்பி. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் வனத்துறை 40 வழிகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் போதும். அந்தந்த ஊர்க்காரர்களே வழிகாட்டியாக வருவார்கள், பல இடங்களில் பழங்குடி இளைஞர்கள். தீக்காலத்திலும் பெருமழையிலும் வழிகளை மூடிவிடுவார்கள். ஆகஸ்டில் இங்கே மழை கொட்டும், அதனால் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இறக்கத்தில் ஓடுவதை நம்பாதீர்கள். யானை பின்னங்காலை மடக்கி, பிட்டத்தைத் தரையில் தேய்த்துச் சரிவில் சறுக்கி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சமதரையில் அது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். நனைந்த வேரும் சருகும் கிடக்கிற தடத்தில் நம்மால் அதில் பாதி வேகம்கூடப் போக முடியாது.

முதுமலை மாதிரி வறண்ட காட்டைப் பார்த்துப் பழகியவர்கள் மழைக்காட்டுக்கு வந்ததும் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். அங்கே நூறடி, இருநூறடிக்கு அப்பால் நிற்கிற யானை கண்ணுக்குத் தெரியும். இங்கே ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் புதர் அடர்ந்த இடத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. யானைக்கும் நம்மைத் தெரியாது. அதற்குப் பார்வை சுமார்தான், மோப்பம் அபாரம். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், பெரும்பாலும் விலகிப்போகும். காற்று எதிர்ப்பக்கம் வீசினால் இரண்டு பேருமே தெரியாமல் முட்டிக்கொள்வோம். இந்தப் பக்கம் யானையால் இறந்தவர்களில் பலர் அப்படித் திடீரென்று எதிரே போய் நின்றவர்கள்தான். யானை அவர்களைத் தேடி வரவில்லை.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஜூலை மாதம். முன்னால் காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், பின்னால் நான். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஓடைச் சத்தம் வேறு. மழையும் ஓடையும் சேர்ந்தால் மழைக்காட்டில் காது போய்விடும், அதுதான் ஆபத்தான நேரம். பெரியவர் நின்றார். கையை மட்டும் பின்னால் விரித்துக் காட்டினார். தடத்தோரம் ஒரு ஈத்தை முறிந்து கிடந்தது. முறிந்த வாயில் சாறு இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் எனக்கும் வாசம் வந்தது. நனைந்த மாட்டுத் தொழுவத்தில் புதுச் சாணி போட்ட மாதிரி, கொஞ்சம் இனிப்பும் கலந்து. எங்கே என்று தேடினேன். இடது பக்கம் ஈரப் பாறை ஒன்று தெரிந்தது. அதன் மேல் கறுப்பு முடிகள் குத்திட்டு நின்றன, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு மழைத்துளி. அந்தப் பாறை கண்ணை மூடித் திறந்தது.

பத்தடி, மிஞ்சினால் பன்னிரண்டு. காதை வீசிக்கொண்டிருந்த யானை வீசுவதை நிறுத்தியது. அது மிக முக்கியமான அடையாளம். காது ஆடிக்கொண்டிருந்தால் யானை தன் வேலையைப் பார்க்கிறது. காது நின்றுவிட்டால் நம்மைக் கேட்கிறது. பெரியவர் திரும்பவில்லை. முகத்தை யானைப் பக்கமே வைத்துக்கொண்டு, வந்த வழியிலேயே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தார். அவர் முதுகு என் மேல் இடிக்க இடிக்க நானும் அப்படியே வந்தேன். முப்பதடி வந்த பிறகு ஒரு பெரிய மரத்தின் பின்னால் நின்றோம். உள்ளே ஈத்தைக்குள் அடித்தொண்டையில் ஒரு உறுமல் கேட்டது. இதைப் பலர் யானையின் வயிற்று இரைச்சல் என்பார்கள். அது தொண்டையிலிருந்து வருகிற பேச்சு. அதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலி. இரண்டாவது உறுமல் தடத்தின் வலது பக்கமிருந்து வந்தது. குட்டி அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. இன்னும் நான்கு அடி போயிருந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நின்றிருப்போம்.

அன்றைக்கு அந்த வழியில் வேலையே இல்லை என்று திரும்பிவிட்டோம். உங்கள் வழிகாட்டி பாதியில் திரும்பலாம் என்றால் காசு கொடுத்தோமே என்று அவரிடம் வாதாடாதீர்கள். அவர் மூக்குக்கு வந்தது உங்கள் மூக்குக்கு இன்னும் வந்திருக்காது.

ஊருக்குள்ளும் இதே கவனம் வேண்டும். எஸ்டேட் சாலைகளில் யானை நிற்கிற இடத்தைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கிற ஏற்பாடும், சிவப்பு விளக்கு எரியவைக்கிற ஏற்பாடும் வால்பாறையில் உண்டு. தங்குகிற இடத்தில் விசாரியுங்கள். விளக்கு எரிந்தால் இருட்டில் வெளியே நடக்காதீர்கள்.

எனக்குப் பாம்பு, புலிகூடப் பயமில்லை. அட்டை என்றால் உடம்பே கூசுகிறது. அதனாலேயே வகுப்புத் தோழிகளோடு வரத் தயங்குகிறேன்.
– கல்லூரி மாணவி, சென்னை

கூசத்தான் செய்யும் கண்ணு. ஒருமுறை குனிந்து அதை நன்றாகப் பாருங்கள், கூச்சம் கொஞ்சம் குறையும். சருகு நுனியில் தீக்குச்சி கனத்தில் ஒன்று எழுந்து நிற்கும். அடிப்பக்கத்தை இலையில் ஒட்டிக்கொண்டு, மேல்பக்கத்தைக் காற்றில் இப்படியும் அப்படியும் துழாவும். நம் காலடி அதிர்வும், மூச்சுக்காற்றும், உடம்புச் சூடும் அதற்குத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் சாண் அளக்கிற மாதிரி வளைந்து வளைந்து உங்கள் பக்கமே வரும். கண்ணு தெரியாதவர் கைநீட்டித் தேடுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

கடிக்கும்போது வலி தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்திவிட்டுக் குடிப்பதால், அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வடியும். வெள்ளை சாக்ஸ் சிவப்பாகிவிடும். பார்க்கத்தான் பயம், போகிற ரத்தம் கொஞ்சம்தான். பிடித்து இழுக்காதீர்கள். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். அந்த இடத்தில் விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பு வைக்க வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, சொறியாமல் விட்டுவிடுங்கள். முழங்கால் வரை வருகிற அட்டை சாக்ஸ் போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிக்கொண்டால் பாதிக்கு மேல் தடுத்துவிடலாம். என் அம்மா வெற்றிலைக்கு வைத்திருக்கும் புகையிலையை ஊறவைத்துக் காலில் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவார். அந்த வாசம் வந்தாலே எனக்கு அதிகாலை நான்கு மணி ஞாபகம் வந்துவிடும்.

அட்டையைவிட நான் கவனிக்கச் சொல்வது கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சியை. காட்டிலிருந்து திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருந்தால், டாக்டரிடம் காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்கிரப் டைபஸ் சீக்கிரம் தெரிந்துவிட்டால் மாத்திரையில் குணமாகும். தாமதித்தால் கடுமையாகிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டு மாடு மேய்வதைப் பார்த்தோம். இருபதடிக்குப் போய்ப் படம் எடுத்தோம். அசையாமல் பக்கவாட்டில் நின்று போஸ் கொடுத்தது. சாதுவான மிருகம்தானே?
– வாசகர், மதுரை

ஐயா, அது போஸ் கொடுக்கவில்லை. உங்களை எச்சரித்தது. காட்டு மாட்டுக் காளை எதிராளியிடம் முதலில் காட்டுவது தன் உடம்பின் அகலத்தை. பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமிலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, கால்களை விறைப்பாக வைத்து நிற்கும். "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்பதுதான் அதற்கு அர்த்தம். வளர்ந்த காளை தோள்வரை ஒரு ஆள் உயரம் இருக்கும், எடை ஒரு டன் வரை வரும். அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு மற்றொரு காளை விலகிவிடும். நீங்கள் அசையாமல் நின்று படம் எடுத்தால் சவாலுக்கு நிற்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். மூக்கால் 'புஸ்' என்று ஊதினால் அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம், பின்னால் வந்துவிடுங்கள்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் தினமும் காட்டு மாட்டின் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள். எந்த நிரையில் அது நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள், அந்த நிரையை விட்டுவிடுவார்கள். அது சாது என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வழியில் கை வைக்கப்போன கிளையில் பச்சைப் பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. கடித்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் மலபார் குழிவிரியனாக இருக்கலாம். முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சூட்டை உணர்கிற ஒரு குழி. பச்சை, மஞ்சள், பழுப்பு என்று பல நிறத்தில் இருக்கும். இரைக்காக ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில் ஒரு குழிவிரியனை ஒரே செடியில் ஆறு நாள் தொடர்ந்து பார்த்து, ஏழாம் நாள் காணாமல் தேடியிருக்கிறேன்.

கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். எலும்பு முறிந்தால் செய்வது போலக் குச்சி வைத்துக் கை காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான் தயாராகிறது. குழிவிரியனுக்கும் ராஜநாகத்துக்கும் அதில் மருந்து இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். வீக்கத்தையும் ரத்தப்போக்கையும் மூச்சையும் கவனித்துக் காப்பாற்ற அங்கேதான் ஆள் உண்டு. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள்.

காட்டில் கை எதையும் பிடிக்காமல் நடக்கப் பழகுங்கள். விழுந்த மரத்தை ஒரேயடியாகத் தாண்டாமல், அதன் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ராஜநாகத்தைப் பற்றி ஒரு சந்தோஷமான செய்தி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம் என்று 2024-இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டி, காளிங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடுகிற பாம்பு அது.

புதுத்தோட்டம் சாலையில் என் ஐந்து வயது மகன் ஒரு கறுப்புக் குரங்குக்குச் சிப்ஸ் கொடுத்தான். பக்கத்தில் இருந்த காவலர் திட்டிவிட்டார். குழந்தை அழுதுவிட்டான். பசியோடு இருக்கிற பிராணிக்குக் கொடுப்பது தவறா?
– வாசகி, கோவை

குழந்தை மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அவன் பார்த்தது சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்பார்கள். கறுப்பு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. இங்கேயும் சில ஆயிரங்கள்தான் மிச்சம். பெண் மந்தி ஆறு வயதைத் தாண்டித்தான் முதல் குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்று வருடம்போல ஆகும். அதனால் ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப ரொம்ப நாளாகும்.

அதன் வீடு மரத்தின் உச்சி. வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. முள்முள்ளாகச் சின்னப் பலாக்காய் மாதிரி காய்க்கும். பூ கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக வரும். பூக்காலத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் தலைமேல் மந்தி, கருமந்தி, மலையணில் எல்லாம் வரிசையாக வந்து தின்னும். கீழே சதைப்பிடிப்பான பூத்துண்டுகள் பொலபொலவென்று விழும். காயை மந்தி எப்படிப் பிரிக்கும் தெரியுமா? முள் குத்தாமல் விரல் நுனியால் திருப்பித் திருப்பி, கடித்து, விதையை மட்டும் எடுத்துக் கன்னப் பையில் அடக்கிக்கொள்ளும். ஒரு காய்க்கு இவ்வளவு உழைப்பு. குட்டி பக்கத்தில் உட்கார்ந்து தாய் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சாலையோரத்தில் அவ்வளவு உழைப்பு வேண்டாம், பாக்கெட்டைக் கிழித்தால் போதும் என்று ஆனதும் மந்தி கீழே இறங்குகிறது. இந்தச் சாலையில் வண்டி நிற்காது. ஒரு பெண் மந்தியை நாங்கள் 'கிழிகாது' என்று பெயர் வைத்து எட்டு வருடம் பின்தொடர்ந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ வீசிப்போன சோளக்கதிரை எடுக்க இறங்கியது. அடுத்து வந்த வண்டி அடித்துவிட்டது. குட்டி அதன் வயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. நான் சாலை நடுவில் நின்று வண்டிகளை நிறுத்தினேன். கூட்டம் மரத்தின் மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு இளம் பெண் மந்தி இறங்கி வந்து குட்டியை எடுத்துக்கொண்டு போனது.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதில் வரிசையாகப் போவதைக் கீழே நின்று பார்க்கலாம். அடுத்த முறை மகனைக் கூட்டி வந்து அதைக் காட்டுங்கள். எத்தனை வால் கடக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரில் மெதுவாகப் பாட்டு வைத்துக்கொண்டு நடந்தால் மிருகங்கள் விலகிவிடும் அல்லவா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். மிருகம் வருவதை நீங்கள் கேட்க முடியாமல் போய்விடும். கரடி ஒரு இடத்தில் கறையான் தோண்டிக்கொண்டிருந்தால் அந்த மும்முரத்தில் எதையும் கவனிக்காது, பக்கத்தில் போன பிறகுதான் திடுக்கிட்டுப் பாயும். வளைவுகளில், புதர் அடர்ந்த இடத்தில் வழிகாட்டி லேசாகத் தொண்டையைச் செருமுவார், குச்சியால் மரத்தில் தட்டுவார். அது போதும்.

இரண்டு நாள் நடந்தேன். ஒரு மிருகமும் பார்க்கவில்லை. அட்டைக்கடி மட்டும்தான் மிச்சம். மழைக்காட்டில் என்னதான் பார்க்க முடியும்?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் வருத்தம் புரிகிறது. நானும் முதல் மாதம் அப்படித்தான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். மழைக்காட்டில் கண்ணுக்கு முன்னால் காது பழகவேண்டும்.

வேகமாக நடந்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போதும். நடுவில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் காடு அமைதியாகிவிட்ட மாதிரி இருக்கும், நாம் வந்ததால் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் ஒவ்வொன்றாக மறுபடி பேச ஆரம்பிக்கும். ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் விசிலடிப்பது போல. சருகில் கேளையாட்டின் காலடி. அப்புறம், அதிர்ஷ்டம் இருந்தால், மேலே ஒரு சத்தம். யாரோ பெரிய ஜமுக்காளத்தை வானத்தில் நிதானமாக உதறிக்கொண்டே போகிற மாதிரி. அதுதான் இருவாச்சி. சிறகின் அடிப்பகுதியில் காற்று புகுந்து வருகிற சத்தம். பறவை தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

இருவாச்சி கூடு வைக்கிற ஒரு மரத்தை நான் ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். பெண் பறவை பொந்துக்குள் போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் அளவு மட்டும் திறந்திருக்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஆண்தான் ஊட்ட வேண்டும். போன மார்ச்சில் ஒருநாள் காலை ஆறரையிலிருந்து மறைவில் உட்கார்ந்திருந்தேன். எட்டேகாலுக்கு வந்தது. மரத்தில் ஒட்டிக்கொண்டு தலையை ஒரு உலுக்கு உலுக்கி, தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு அலகு நுனி வாங்கிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. எண்ணிக்கொண்டே வந்தேன், முப்பத்தெட்டுப் பழம். கடைசிப் பழத்துக்குப் பிறகும் உடனே பறக்காமல் கொஞ்ச நேரம் கீறலைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

தின்ற பழத்தின் விதைகளை அவள் அந்தக் கீறல் வழியாகவே வெளியே தள்ளுவாள். மழை பிடித்த பிறகு, குஞ்சு பறந்துபோய்க் கூடு காலியான ஜூன் மாதத்தில், அந்த மரத்தடிக்குப் போனேன். பொந்துக்கு நேர்கீழே, ஒரு முறம் அகலத்துக்கு, நெருக்கி விதைத்த மாதிரி முளைத்திருந்தது. பல வகை நாற்றுகள். இரண்டிலை விட்டவை நிறைய, சிலது நான்கிலை.